பேய் முகாமில் சோதனை

மாத்தளை நாலந்தாப் பேய் முகாமின் இருட்டுப் பதுங்குகுழிக்குள் ஜெராட் கைகளை இறுகக் கட்டிக்கொண்டு சுவரோடு ஒட்டி நின்றான்.

"இன்னைக்கும் பயந்து நடுங்கினீங்கன்னா அப்பாகிட்ட நம்ம கல்யாணப் பேச்சையே எடுக்க மாட்டேன்," என்றாள், பக்கத்தில் நின்ற பிரசாந்தி.

"யாரு பயந்தா? சும்மா குளிருது."

பூட்ஸ் சத்தம் நெருங்கியது. டோர்ச் வெளிச்சம் முகத்தில் அடித்தது. ஒட்ட முடிவெட்டிய ஒருவன் சிங்களத்தில் அதட்டினான்: "ஐடியை எடு!"

ஜெராட் மூச்சுவிடாமல் அடையாள அட்டையை இரண்டு கையாலும் நீட்டினான். "மாத்தளதான் சேர்... பொறந்ததும் இங்கதான் சேர்..."

டோர்ச் அடித்தவன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "டேய், ஓடி வாங்கடா! பேய் பாக்க டிக்கெட் எடுத்து வந்தா, ஆமிப் பேய் நமக்கு ஐடி காட்டுது!"

இராணுவப் பேய் வேடத்துக்காக முகத்தில் பூசிய சிவப்புச் சாயம் வியர்வையில் வழிய, ஜெராட் பிரசாந்தியைத் திரும்பிப் பார்த்தான். பேய்த் தாதி வேடத்தில் நின்றவளும் தன் அட்டையை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தாள்.