பத்திரத்துக்கு ஒரு நகல்

ஒரு அப்பாவின் கடைசிப் பேச்சுக்கு டாக்டர் போட்ட விலை ஐம்பதாயிரம். பேரம் உண்டு.

டாக்டர் என்றால் கம்ப்யூட்டர் டாக்டர். மாடிப்படிக்கு அடியில், நிமிர்ந்தால் தலை இடிக்கிற கடை. பாட்டு, படம், வீடியோ வேலைக்கு எந்த மென்பொருள் கேட்டாலும், எந்த மெஷினைக் கொண்டுவந்தாலும், ஏற்றித் தந்துவிடுவார். கூலி கம்மி. லாபம் வேறு வழியில் வந்தது.

மெஷின் கைக்கு வந்ததும் உள்ளே இருப்பதையெல்லாம் தன் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு நகல் எடுத்துக்கொள்வார். யாராவது கேட்டால், "எல்லாம் உங்க பத்திரத்துக்குத்தான்" என்பார். விலைபோகிற சரக்கு கிடைத்தால் விற்றுவிடுவார். எடுத்த பிறகும் பொருள் எடுத்த இடத்திலேயே இருக்கிற திருட்டு. யார் வந்து என்னத்தை நிரூபிப்பது? ஆனாலும் ஒரே ஒரு ஆதாரம் வெளியே போனால் கடையை இழுத்து மூட வேண்டியதுதான் என்பது அவருக்குத் தெரியும்.

காலையில் வந்த பெண் மூன்று மெஷின்களை மேசைமேல் இறக்கினாள்.

"விண்டோஸ் பெரியண்ணனோடது, ஆப்பிள் என்னோடது, இந்த லினக்ஸ் சின்னண்ணனோடது. மூணுலயும் குரலைப் பதிஞ்சு வெட்டி ஒட்டற சாஃப்ட்வேர் போடணும் சார்."

"போட்டுடலாம்."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஒருத்தர் பேசினதுல நடுவுல ஒரு வார்த்தையை எடுத்துட்டா, எடுத்தது தெரியுமா?"

"கைப்பக்குவம் இருந்தா கடவுளுக்கே தெரியாதும்மா."

அவள் போனதும் டாக்டர் வேலையில் இறங்கினார். விண்டோஸ் புது மாப்பிள்ளை மாதிரி எல்லாவற்றுக்கும் சரி, சரி என்றது. ஆப்பிள் சம்பந்தியம்மாள் மாதிரி 'இதை நம்பலாமா' என்று இரண்டு தரம் விசாரித்து, கடவுச்சொல் வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டது. லினக்ஸ் கறாரான பெரியப்பா. எதையும் எழுத்து மூலமாகத்தான் கேட்பேன் என்றது. கறுப்புத் திரையில் வரிவரியாகத் தட்டிக் கொடுத்தார்.

நகல் எடுத்ததில் மூன்றிலும் ஒரே பதிவு இருந்தது: 'அப்பா கடைசியாகப் பேசியது.' ஹெட்போனை மாட்டிக்கொண்டார். நீண்ட இருமல். பிறகு நடுங்கும் குரலில், "வீடு பெரியவனுக்குத்தான்."

டாக்டருக்கு எல்லாம் விளங்கிவிட்டது. ஒரு நகலில் மட்டும் கைவைத்தால் மாட்டிக்கொள்வோம் என்று மூன்றையும் சுருட்டிக்கொண்டு வந்திருக்கிறாள். கைகாரிதான்.

விண்டோஸ் லாப்டாப்பின் முதுகில் பெரியண்ணனின் நம்பர் ஒட்டியிருந்தது. அழைத்தார். "தம்பி, உங்க வீடு கைநழுவிப் போகப் போகுது. சாயங்காலம் நம்ம கடைப்பக்கம் வாங்க."

சாயங்காலம் முதலில் வந்து நின்றவள் தங்கச்சி. மூன்று மெஷின்களையும் தன் பக்கம் திருப்பி, ஏதோ தட்டி, 'ஹலோ, ஹலோ' என்று பார்த்தாள். "அப்படியே இருக்கட்டும் சார். காரை வாசலுக்குக் கொண்டு வந்துடறேன்" என்று போனாள்.

அவள் போன சூட்டோடு பெரியண்ணன் உள்ளே நுழைந்தார். டாக்டர் அவசரமாக விஷயத்தையும் விலையையும் சொன்னார். அவள் திரும்புவதற்குள் வியாபாரம் முடிய வேண்டும்.

"ஐம்பதாயிரமா? அப்பா உயிரோட இருந்தப்ப அவர் பேச்சுக்கு வீட்டுல பத்துக் காசு மதிப்பில்லை சார்."

"இப்ப அந்தப் பேச்சு மேலதானே வீடே நிக்குது."

"இருபது."

"இதை அழிக்கச் சொல்லி உங்க தங்கச்சி லட்சமே தருவாங்க தம்பி."

"சரக்கு அசல்தான்னு எப்படி நம்பறது? இதுக்கு முன்னாடி யாருக்காவது கொடுத்திருக்கீங்களா?"

வியாபாரத்தில் நியாயமான கேள்வி. டாக்டர் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"ஒரு பாட்டு டீச்சர் மெஷின் கொண்டு வந்தாங்க. சொந்தமா மெட்டுப் போட்ட பத்துப் பாட்டு உள்ள இருந்தது. நான்தான் எடுத்தேன், விளம்பரக்காரங்களுக்கு வித்தேன். இன்னிக்கு டிவியில சோப்பு விக்கறதே அதுலதான். இதே இடத்துல நின்னு அழுதாங்க. ஆதாரம் இருக்காம்மான்னு கேட்டேன், போயிட்டாங்க. நம்ம தொழில் அவ்வளவு சுத்தம்."

பெரியண்ணன் மேசைமேல் இருந்த மெஷின்களை ஒரு தரம் பார்த்துக்கொண்டார். பிறகு, "நாப்பது" என்றார்.

"நாப்பத்தஞ்சு. பென் டிரைவுக்குத் தனியாக் காசு வேண்டாம்."

தங்கச்சி திரும்பி வந்தாள். டாக்டர் பென் டிரைவை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டார். அவள் அவரைப் பார்க்கவேயில்லை. நேரே போய் மூன்று மெஷின்களிலும் ஒவ்வொரு தட்டுத் தட்டினாள்.

"சாஃப்ட்வேர் பிரமாதம் சார். மூணுலயும் உங்க பேச்சு அப்படியே பதிஞ்சிருக்கு. ஒரு வார்த்தை வெட்ட வேண்டாம்" என்றவள் அண்ணன் பக்கம் திரும்பினாள். "அப்பா கார்ல உக்காந்திருக்கார். இருமினது போதுமான்னு கேக்கறார்."

பெரியண்ணன் நிதானமாகப் பணத்தை எண்ணி மேசைமேல் வைத்தார்.

"மூணு மெஷினுக்கும் ஏத்துக்கூலி இது, அந்தக் கணக்குத் தீர்ந்தது, பாக்கி நிக்கறது என் சம்சாரத்தோட பத்துப் பாட்டுதான்."