வாசமில்லாத பூ

அம்மைக்கு மூன்றாம் தண்ணீர் ஊற்றித் துவட்டிய கையோடு, முத்தாயம்மாள் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு புழக்கடைக்கு வந்தாள்.

பொன்னாயிக்கு ஐந்து வயது. அம்மை இறங்கிவிட்டது. உடம்பெல்லாம் பொருக்குகள் உதிரத் தொடங்கியிருந்தன. கண்கள் மட்டும் இன்னும் திறக்கவில்லை.

இமைகளின் மேலும் முத்துப் போட்டு, வீங்கி, ஒட்டிக் கிடந்தன. இன்று வேப்பிலைத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்தபோது அந்த ஒட்டுதல் விட்டிருந்தது. இனித் திறக்கலாம். திறக்கச் சொல்லத்தான் முத்தாயம்மாளுக்குத் தைரியம் வரவில்லை.

போன கோடையில் பக்கத்து ஊர்ப் பச்சமுத்துவின் மகனுக்கும் இப்படித்தான் இறங்கியது. போகிறபோது அம்மன் இரண்டு கண்ணையும் எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்றார்கள். இப்போது அவன் புதுச்சத்திரம் சந்தைக்கு அப்பனின் துண்டைப் பிடித்துக்கொண்டு வருகிறான்.

பக்கத்தில் நிற்க ஒருவருமில்லை. அம்மை போட்ட வீட்டுக்குள் யாரும் கால் வைக்கமாட்டார்கள். அடுத்த தோட்டத்து ராசாத்தி மோரை வேலியோரம் வைத்துவிட்டுக் குரல் கொடுப்பாள், அவ்வளவுதான். புருஷன் சின்னுசாமி மேட்டூரில் அணைக்கட்டு வேலைக்குக் கல்வண்டி ஓட்டப் போயிருந்தான். சொல்லியனுப்பிய சேதி அவனுக்குப் போய்ச் சேர்ந்ததோ என்னவோ.

சித்திரை வெயில். கிணற்றில் தண்ணீர் பாறைக்கு இறங்கிவிட்டது. ஆனாலும் புழக்கடை பூத்துத்தான் கிடந்தது.

வீட்டில் அம்மன் இருக்கும்போது பூப் பறிக்கக்கூடாது. அதனால் குண்டுமல்லி பூத்துப் பூத்து, செடியிலேயே பழுத்து, அடியில் கொட்டியிருந்தது. வேம்பு தன் பூவைத் தரையெல்லாம் பொரியாக இறைத்திருந்தது. நந்தியாவட்டையை மட்டும் முத்தாயம்மாள் தினமும் பறித்தாள். கன்னத்தில் போட்டுக்கொண்டு, அம்மனிடம் கேட்டுக்கொண்டு, பறித்த பூவைக் குழந்தையின் இமைகளின் மேல் குளிர்ச்சிக்காக வைத்தாள்.

குழந்தை மூக்கை உறிஞ்சினாள்.

"மல்லி பூத்திருக்குது."

முத்தாயம்மாள் சட்டென்று குழந்தையின் முகத்தைப் பார்த்தாள். இமைகள் மூடித்தான் இருந்தன. மல்லியைச் சொல்வதற்குக் கண் வேண்டியதில்லை.

வேப்பம்பூவும் அப்படித்தான், வாசத்திலேயே காட்டிக் கொடுத்துவிடும். அவள் கிணற்று மேட்டுக்கு நடந்தாள். அங்கே செம்பருத்தி இருந்தது. அதற்கு வாசமில்லை. வேப்பமரத்து நிழல் விழுகிற பக்கமாகப் பார்த்து, ஒரு பூவுக்கு நேரெதிரே நின்றாள்.

"கண்ணத் தொற சாமி. மெல்லத் தொற."

"எரியும்."

"எரியாது. நெழல்லதான நிக்கறோம்."

சொல்லிவிட்டு அவள் தன் கண்களை மூடிக்கொண்டாள்.

அவளுக்குள் இரண்டு பயம் இருந்தது. ஒன்றை யாரிடமும் சொல்லலாம். இன்னொன்றை அம்மனிடம்கூடச் சொல்ல முடியாது.

இந்தச் செடிகளை வைத்தவள் முத்தாயம்மாள் அல்ல. வைத்தவள் அத்தாயி. பொன்னாயியைப் பெற்றவளும் அத்தாயிதான்.

அத்தாயி காய்ச்சலில் போய்ச் சேர்ந்தபின், சின்னுசாமிக்கு இரண்டாந்தாரமாக முத்தாயம்மாள் வந்தாள். வந்து ஒரு வருஷத்துக்கு மேலாகிறது. அத்தனை நாளும் குழந்தை அவளை எதுவும் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பசித்தால் அடுப்படிக் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு, இவள் திரும்பிப் பார்க்கிறவரைக்கும் நிற்பாள். செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது மட்டும் பின்னாலேயே வந்து, ஒன்றுகூட விட்டுப்போகிறதா என்று பார்ப்பாள்.

கண்கள் ஒட்டிக்கொண்ட அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கையை நீட்டித் துழாவி, "அம்மா" என்றாள்.

அப்புறம் தண்ணீருக்கு அம்மா. அரிப்புக்கு அம்மா. சும்மாவே அம்மா.

காய்ச்சலில் பெற்றவளைத்தான் தேடுகிறது என்று முத்தாயம்மாளுக்குத் தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவையும், "என்ன சாமி" என்று ஓடினாள். இன்னொருத்தியின் பண்டத்தை எடுத்துத் தின்பது போலிருந்தது. தின்னாமல் இருக்கவும் முடியவில்லை.

கண் திறந்தால் இது யாரென்று தெரிந்துவிடும்.

தெரியட்டும் என்று நினைத்தாள். என் முகத்தைப் பார்த்து வாயை மூடிக்கொள்ளட்டும். பழையபடி நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டும். பார்த்தால் போதும்.

தோளிலிருந்து குழந்தையின் தலை எழுந்தது.

கிணற்றுக்குள் புறா சிறகடித்தது.

"செவப்பா இருக்குது."

முத்தாயம்மாள் கண்ணைத் திறக்கவில்லை. இந்த இடத்தில் செம்பருத்தி நிற்பது குழந்தைக்கு முன்பே தெரியும்.

"அப்புறம் என்ன சாமி தெரியுது?"

"எறும்பு. மேல ஏறுது."

முத்தாயம்மாள் கண்ணைத் திறந்தாள். பூவின் நடுவிலிருந்து நீண்ட தண்டில் ஒரு கட்டெறும்பு மகரந்தத்தை நோக்கி ஏறிக்கொண்டிருந்தது.

கிணற்றுச் சுவரில் சாய்ந்துகொண்டாள்.

பொன்னாயி பூவை விட்டுத் திரும்பினாள். சிவந்து கலங்கிய கண்கள் முத்தாயம்மாளின் நெற்றியில் தொடங்கி, மூக்குத்தி, உதடு, தாடை என்று நிதானமாக இறங்கின. மறுபடி மேலே ஏறி, அவள் கண்களில் வந்து நின்றன. யாரென்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. சந்தேகமே இல்லை.



குழந்தை கால்களை உதறினாள்.

"எறக்கி உடும்மா. நானே நடந்து வாரேன்."