இடது பக்கம் கொஞ்சம் சாய்ச்சு

"யோவ், முத்திரையை நேரா குத்தித் தொலைக்காதே! இடது பக்கம் கொஞ்சம் சாய்ச்சுக் குத்து" என்று பதறினார் ஆபீஸ் குமாஸ்தா மருயாமா.

இகராஷியின் கை அந்தரத்தில் நின்றது. "எதுக்கு?"

"முப்பத்தாறு வருஷம் கரண்டியையே பாத்துக்கிட்டிருந்தா ஆபீஸ் வழக்கம் எங்கேருந்து தெரியும்? வலது ஓரக் கட்டம் உன்னோடது. இடது பக்கம் வரிசையா மேலதிகாரிங்க. உன் முத்திரை அவங்க பக்கம் சாஞ்சு விழுந்தாத்தான் குனிஞ்சு வணக்கம் சொன்ன மாதிரி."

"பக்கத்துக் கட்டம் நாருமி மேடத்தோடதுய்யா. எம் பொண்ணு வயசு!"

"வயசா முத்திரை குத்துது? பதவி குத்துது. குனி!"

இகராஷி பல்லைக் கடித்துக்கொண்டு சாய்த்துக் குத்தினார். பெயரும் தேதியும் சிவப்பாகப் பதிந்தன. ஜூலை 7. கேன்டீனில் மூங்கில் கிளை நட்டு, ஆளாளுக்கு வேண்டுதலைச் சீட்டில் எழுதிக் கட்டிக்கொண்டிருந்த தனபாத்தா நட்சத்திரத் திருநாள் அது.

"இதையும் மூங்கில்லயே கட்டிடேன். மேடத்துக்கு முன்னாடி நட்சத்திரம் படிச்சிடும்" என்றார் மருயாமா.

கேலிக்கு என்ன, யார் வேண்டுமானாலும் செய்யலாம். சுபாமே ஊரின் அந்தக் கரண்டித் தொழிற்சாலையில் கீறல் பார்க்க மிச்சமிருந்தது இகராஷியோடு சேர்த்து மூன்றே பேர். மூவருக்கும் அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. புதிதாக ஒருத்தரும் வருவதாக இல்லை. சோதிக்க ஆளில்லாவிட்டால் அடுத்த மார்ச்சோடு பூட்டு என்று டோக்கியோ தலைமை அலுவலகம் சொல்லிவிட்டது. ஐம்பத்திரண்டு குடும்பங்களின் சோறு அது.

இகராஷி யோசித்து ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். செயற்கை நுண்ணறிவு வைத்த கேமரா கரண்டிகளைப் பார்க்கட்டும்; அது சந்தேகப்படுவதை மட்டும் மூவரும் பார்க்கலாம். தினமும் அதற்குப் பாடம் சொல்லிக் கொடுக்கலாம். அதை எழுதிய காகிதத்தில் இகராஷி, நாருமி, தொழிற்சாலைத் தலைவர், டோக்கியோ இயக்குநர் என்று நாலு முத்திரை விழுந்தால் வேலை ஆரம்பம்.

மேலாளர் நாருமி அன்றைக்கே காகிதத்தை இரண்டு கையாலும் வாங்கினார். மூன்று முறை படித்தார். மேஜை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.

"எனக்குச் சில கேள்வி இருக்கு, இகராஷி சான்."

சிலவா அது! காலையில் வணக்கம் வருகிறதோ இல்லையோ, கேள்வி வந்துவிடும்.

"டியூப்லைட் வெளிச்சம் பளபளன்னு கரண்டியில விழுமே. அதைக் கீறல்னு கேமரா நினைச்சுக்கிட்டா?"

இகராஷி வெள்ளைத் துணியில் சின்னக் கூடாரம் தைத்து, கரண்டியை உள்ளே வைத்துப் படம் எடுத்துக் காட்டினார்.

"நல்ல கரண்டி படம் நாலாயிரம் வச்சிருக்கீங்க. கெட்டது எத்தனை?"

"அதான் நாங்க கெட்டதே செய்றதில்லையே மேடம்!"

"அப்போ கெட்டது எப்படி இருக்கும்னு இயந்திரத்துக்கு எப்படித் தெரியும்?"

இகராஷி பத்து நாள் கழிவுத் தொட்டிக்குள் தலையை விட்டுக் கீறல் கரண்டியாகப் பொறுக்கினார். இடுப்பு விட்டுப்போனது.

"உனக்கு இன்னும் புரியலையா?" என்றார் மருயாமா. "டோக்கியோவுல இயக்குநர் பக்கத்துலயே நாலு வருஷம் உக்காந்துட்டு வந்த ஆளுய்யா அந்தம்மா. இழுத்து மூடத்தான் அனுப்பியிருக்காங்க."

மறுநாள் வந்த கேள்வி: "கீறல் விழுந்த கரண்டி ஒண்ணு கடைக்குப் போயிடுச்சு. யார் போய் மன்னிப்புக் கேப்பாங்க?"

இகராஷிக்குப் பொறுமை போய்விட்டது.

"குத்த இஷ்டமில்லேன்னா வாயைத் திறந்து சொல்லிடுங்க மேடம்! மூணு வாரமா எதுக்கு இந்த இழுவை?"

"கேட்டதுக்குப் பதில் வரலையே" என்றார் நாருமி. முகத்தில் ஒரு சலனமும் இல்லை.

"நான் போவேன்! குனியறதுக்கு இயந்திரத்துக்கு இடுப்பா இருக்கு? நான் போய்க் குனிவேன். எதனால தப்புச்சுன்னு கண்டுபிடிச்சு, திரும்பி வந்து அதுக்கும் சொல்லிக் குடுப்பேன். போதுமா?"

நாருமி தலையை மட்டும் அசைத்தார். "நாளன்னைக்கு இயக்குநர் வர்றார். நீங்களே பேசுங்க."

இயக்குநர் வந்தார். கேள்வி கேட்டே காகிதங்களைக் கொல்லுகிறவர் என்று பெயர் எடுத்தவர். கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு முதல் கேள்வியைப் போட்டார்.

"டியூப்லைட் வெளிச்சத்தைக் கீறல்னு நினைச்சா என்ன பண்ணுவீங்க?"

இகராஷி துணிக் கூடாரத்தை எடுத்து மேஜைமேல் வைத்தார்.

"கெட்ட கரண்டி எத்தனை?"

"ஆயிரத்து நூத்திப் பன்னெண்டு. வகை வகையாப் பிரிச்சு வச்சிருக்கேன்."

"தப்பு நடந்தா யார் மன்னிப்புக் கேப்பாங்க?"

"நான்தான். இயந்திரத்துக்கு ஏதுங்க இடுப்பு?"

இயக்குநர் சிரித்துவிட்டார். அந்த மனிதர் சிரித்து அந்தத் தொழிற்சாலையில் யாரும் பார்த்ததில்லை. சட்டைப் பையிலிருந்து முத்திரையை எடுத்து அங்கேயே குத்தினார். நாருமி கடைசி நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

வெளியே வந்ததும் மருயாமா இகராஷியைக் கட்டிக்கொண்டார். "ஜெயிச்சிட்டேய்யா! அந்தம்மா வேற வழியில்லாம இன்னிக்குக் காலையிலதான் குத்தியிருக்கும், பாரேன்."

"பின்னே?" என்றார் இகராஷி. சந்தோஷம் தாங்கவில்லை அவருக்கு. மாலையில் காகிதம் கைக்கு வந்ததும் முத்திரைகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார். இயக்குநரின் முத்திரை நிமிர்ந்து நின்றது, ஜூலை 29. தொழிற்சாலைத் தலைவருடையது இயக்குநர் பக்கம் பணிவாகச் சாய்ந்திருந்தது, அதே ஜூலை 29.

அடுத்தது நாருமியுடையது. ஜூலை 7, காகிதத்தை வாங்கிய அதே நாள்.

அது இடது பக்கம் சாயவே இல்லை. வலது பக்கமாக, இகராஷியின் கட்டத்தைப் பார்த்துக் குனிந்திருந்தது.