சாமந்திக்கு அசுவினி

தொட்டியில் இருந்த சாமந்திச் செடிக்கு இலையெல்லாம் சுருண்டு போயிருந்தது. மொட்டு ஒன்றும் விரியவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள் பூக்காவிட்டால் பிடுங்கிப் போட்டுவிட்டு வெண்டை விதைக்கப் போகிறேன்" என்று வீட்டுக்கார அம்மாள் சொன்னதைக் கேட்டதிலிருந்து அதற்குத் தண்ணீர்கூட இறங்கவில்லை. கடைசியில் சுவரில் இருந்த பல்லியைக் கூப்பிட்டது. ஊருக்கெல்லாம் பலன் சொல்கிறவருக்கு வைத்தியம் தெரியாமலா போகும்?

"என்னம்மா உனக்கு?" என்று கேட்டது பல்லி.

"அசுவினி, ஐயா. தண்டெல்லாம் ஒட்டிக்கொண்டு சாற்றை உறிஞ்சுகிறது."

பல்லி முதல் சொல்லோடு காதை மூடிக்கொண்டது. "அசுவினி நட்சத்திரமா? பிறக்கும்போதே கேது தசை. ஏழு வருஷம் அப்படித்தான் படுத்தும்."

"நட்சத்திரம் இல்லை, ஐயா. பூச்சி. இதோ பாருங்கள், பச்சைப் பச்சையாக."

"கேது எந்த உருவத்திலும் வருவான்."

ஏழு வருஷம் எங்கே, வெள்ளிக்கிழமை எங்கே? சாமந்தி சற்று யோசித்தது. "பரிகாரம் ஏதாவது உண்டா, ஐயா?"

"உண்டே. பசித்தவருக்கு அன்னதானம் செய்ய வேண்டும்."

"நீங்கள் சாப்பிட்டாயிற்றா?"

"எங்கே? காலையிலிருந்து ஒரு கொசுகூட அகப்படவில்லை."

"அப்படியானால் என் தண்டிலேயே உட்காருங்கள். இருப்பதையெல்லாம் நீங்கள்தான் சாப்பிட வேண்டும்."

பல்லி இரண்டு நாள் உட்கார்ந்து சாப்பிட்டது. வியாழக்கிழமை காலையில் முதல் மொட்டு விரிந்தது.

"பார்த்தாயா, கேது ஓடிவிட்டான்" என்றது பல்லி, ஏப்பம் விட்டபடி.

"உங்கள் வாக்கு பலிக்காமல் போகுமா, ஐயா?" என்றது சாமந்தி. "அடுத்த தொட்டி ரோஜாவுக்கும் அசுவினிதான். ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்."