கோர்ட்டு கலையும் வரை

ஏட்டு பேயாண்டி தன் வாயிலிருந்த பீடியை எடுத்து என் வாயருகே நீட்டினார்.

“ஒரு இழுப்பு இழுத்துக்க மாப்ள. உள்ள போயிட்டா எத்தனை மாசமோ.”

அவர் எனக்கு அத்தை மகன். பாசத்தில்தான் நீட்டினார்.

திருமங்கலம் கோர்ட்டு வாசலில் வேப்பமரத்தடியில் எங்களை ஒரே கயிற்றில் கட்டி உட்கார வைத்திருந்தார்கள். கள்ளுக்கடை மறியலில் பிடிபட்டவர்கள். காங்கிரஸ் தொண்டர்கள் எட்டுப் பேர், ஒன்பதாவதாக நான்.

புகை நேராக என் மூக்குக்கு வந்தது. எச்சில் ஊறியது. முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

தொண்டர்களின் தலைவர் கருத்தக்கண்ணன் அதைப் பார்த்துவிட்டார்.

“சர்க்கார் ஆளு குடுக்குற பீடியைக்கூட முத்திருளன் தொட மாட்டேங்கிறான், பாருங்கய்யா.”

வேடிக்கை பார்த்த கூட்டம் ஜே போட்டது. யாரோ ஒருவர் செவ்வந்தி மாலையைக் கொண்டுவந்து என் கழுத்தில் போட்டார்.

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அதுவரை எனக்கு மாலை போட்டவர் என் மாமனார் ஒருவர்தான். அதனால் சொல்லவில்லை.

தேசத்தைப் பற்றி எனக்கு அதிகம் தெரியாது. நாங்கள் மறித்த கடையில் நானே பலமுறை கள்ளு குடித்திருக்கிறேன். நான் பீடியை விட்டுப் பதினோரு நாள் ஆகியிருந்தது, அவ்வளவுதான்.

முதல் நாள் வீறாப்பாக ஒரு கட்டுப் பீடியைக் கீழக்குயில்குடிக் கண்மாயில் வீசினேன். சாயங்காலம் இடுப்பளவு தண்ணீரில் இறங்கித் தேடினேன். கிடைத்தது. பாறையில் பரப்பிக் காயவைத்து, பக்கத்திலேயே காவல் இருந்தேன். ஒன்றுகூடப் பற்றவில்லை. முதல் நாளைக் காப்பாற்றியது நானில்லை, கண்மாய்.

இன்னொரு நாள் பெட்டிக்கடையில், பீடி பற்றவைக்கத் தொங்கவிட்டிருக்கும் தீக்கயிற்றுப் பக்கமாக, காற்று என் மேல் அடிக்கிற இடம் பார்த்து நின்றுகொண்டேன். சும்மா நிற்க முடியாதே. கடைக்காரரிடம் அவர் மகள் கல்யாணத்தைப் பற்றி ஒரு மணி நேரம் விசாரித்தேன். அவருக்கு மகளே கிடையாது.

பத்தாம் நாள் தெருவில் யாரோ போட்டுவிட்டுப் போன துண்டுப் பீடிக்குக் குனிந்துவிட்டேன். கை தொடுவதற்குள் ஒரு மாட்டுவண்டி அதை நசுக்கிக்கொண்டு போனது. என்னால் ஆகாது என்று அப்போதுதான் தெரிந்தது.

ஜெயிலுக்குள் பீடி கிடைக்காது என்று சந்தையில் பேசிக்கொண்டார்கள். மறியல் எந்தக் கடையில் என்று கேட்டுக்கொண்டேன். வீட்டில் ஒரு வார்த்தை சொல்லாமல் விடியுமுன் கிளம்பி, திருமங்கலத்துக்கு நடந்தே வந்து வரிசையின் கடைசியில் நின்றேன். போலீஸ் வந்ததும் எல்லோருக்கும் முன்பாகக் கையை நீட்டியது நான்தான்.

மத்தியானம் உள்ளே கூப்பிட்டார்கள். கருத்தக்கண்ணனுக்கு ஆறு மாதம். மற்றவர்களுக்கு நாலு மாதம். அவர்கள் சிரித்துக்கொண்டே போனார்கள். என் முறை வந்தது.

முதல் தடவையா என்று மாஜிஸ்திரேட் கேட்டார். ஆமாம் என்றேன். கோர்ட்டு கலையும் வரை ஓரமாக நிற்க வேண்டும், அதுதான் தண்டனை என்றார்.

“எசமான், எனக்கும் நாலு மாசம் போடுங்க.”

சன்னல் வழியாகக் கேட்டுக்கொண்டிருந்த கூட்டம் மறுபடியும் ஜே போட்டது. மாஜிஸ்திரேட் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

“நிற்கச் சொன்னேன்.”

நின்றேன். சாயங்காலம் எல்லோரும் எழுந்து போனார்கள். சேவகர் கதவைப் பூட்ட வேண்டும், வெளியே போ என்றார். என்னைப் பூட்டிவைக்க அந்த ஊரில் ஆளில்லை.

திரும்பும் வழியில் ஒருவர் வண்டியில் ஏற்றிக்கொண்டார். அரைமைல் போனதும் அவர் சுருட்டைப் பற்றவைத்தார். இறங்கி நடந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது ஜெயக்கொடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளுடைய இரண்டு கைகளிலும் நேற்று நான் சுற்றிவிட்ட துணிக்கட்டு அப்படியே இருந்தது. பக்கத்தில் பாயில் எங்கள் பிள்ளை தங்கப்பொண்ணு தூங்கிக்கொண்டிருந்தாள்.

தூளி இருந்த இடத்தில் கயிறு மட்டும் தொங்கியது.

பதினோரு நாளைக்கு முன்னால், அந்தத் தூளிக்குக் கீழே பீடியோடு நான் தூங்கிப்போனேன். தூளிச் சேலை பற்றிக்கொண்டது. இவள் இரண்டு கையாலும் அடித்து அணைத்தாள். பிள்ளை மேல் ஒரு பொட்டுக் காயம்கூட இல்லை. அன்றைக்கும் சரி, அதற்குப் பிறகும் சரி, பீடியைப் பற்றி அவள் என்னிடம் ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் இவ்வளவு கஷ்டப்பட்டிருக்க மாட்டேன்.

எங்கே போயிருந்தேன், எதற்காகப் போனேன் என்று எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டாள்.

“பிள்ளையைப் பக்கத்து வீட்டு ஒச்சாயி வந்து பாத்துக்கிட்டா. எனக்கு ஊட்டிவிடுன்னு அவகிட்ட எப்புடிக் கேக்குறது? காலையிலருந்து பட்டினி. நீங்க நாலு மாசம் உள்ள இருந்தா நான் என்னத்தத் திங்கிறது?”

அடுப்படியில் நேற்று நான் ஆக்கிய கம்மஞ்சோறு தொடாமல் இருந்தது. மோர் விட்டுப் பிசைந்து எடுத்துவந்து அவள் முன்னால் உட்கார்ந்தேன்.

முதல் வாயை எடுத்துக்கொண்டு போகும்போது பாதிச் சோறு அவள் மடியில் சிந்தியது. பீடியை விட்டால் கை இப்படித்தான் நடுங்குமாம் என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு வாயைத் திறந்தாள்.