பிரவீனா தேடியது

"மேடம், எத்த அமுக்கணும்? ஒரு வாட்டி சொல்லிக் குடுங்களேன்."

"சொல்ல மாட்டேன். நீயே தேடும்மா."

நூலகர் ஸுபத்ரா நிமிரக்கூட இல்லை. மடியில் நோட்டு, கையில் பேனா. பிரவீனா தடுமாறும்போதெல்லாம் எதையோ குறித்துக்கொண்டார்.

நூலகத்துக்கு அந்தக் கம்ப்யூட்டர் வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. பத்தாயிரம் புத்தகம் அதற்குள்ளேயே இருக்கிறதாம். சோதித்துப் பார்த்து ரிப்போர்ட் அனுப்பச் சொல்லி மேலிடத்து உத்தரவு.

பிரவீனா ஐந்தாவதோடு நின்றவள். இடுப்பில் இரண்டு வயது மகன். இன்னும் 'அம்மா' என்றுகூடச் சொல்லாதவன். ஏன் என்று ஏதாவது புத்தகத்தில் போட்டிருக்குமா என்று கேட்கத்தான், கூச்சத்தை விட்டு பிள்ளையார்பாளையத்திலிருந்து நடந்தே வந்தாள். கேட்டவளைக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்துவிட்டார் ஸுபத்ரா.

'பேசாத குழந்தை' என்று ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தட்டினாள். திரை முழுக்க, எழுத்துக்குப் பதில் சின்னச் சின்னக் கட்டம்.

"ஐயோ, கட்டம் போட்ட பொடவையாட்டம் வருதே! ஒடைச்சிட்டேனா?"

பேப்பர் படித்துக்கொண்டிருந்த இரண்டு பேர் சிரித்தார்கள். ஸுபத்ரா சிரிக்கவில்லை. எழுதினார்.

அதோடு சேர்த்து ஆறு தடவை மாற்றி மாற்றித் தட்டினாள். ஆறு தடவையும் கட்டம்தான்.

உதவியாளர் ரங்கநாத்துக்கே பொறுக்கவில்லை. "பாவம் மேடம், விட்டுடுங்க. படிச்சவங்களை வச்சுப் பார்க்கலாமே. நேத்துகூட காலேஜ் சார் ஒருத்தர் 'பிரமாதம்'னு எழுதிக் குடுத்துட்டுப் போனாரே."

"அவர் எதையாவது தேடினாரா?"

"இல்ல... பார்த்தார்."

மகன் அழ ஆரம்பித்தான். பிரவீனா எழுந்துவிட்டாள். கண் நிறைந்திருந்தது.

"எங்க மாமியா சொல்றது சரிதான் மேடம். 'நீ வாயில்லாதவ, அதான் புள்ளையும் பேசல'ன்னு சொல்லிக்கினே இருக்குது. ஒரு பொட்டிகிட்டகூட எனக்குக் கேக்கத் தெரியல. நீங்களும் என் தப்பெல்லாம் எழுதிக்கினீங்க. நான் போறேன்."

"இரு." ஸுபத்ரா மேஜைக்கு அடியிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தார். பக்கங்களுக்கு நடுவே அடையாளத்துக்குக் காகிதம் வைத்திருந்தது. "நீ வந்து கேட்டதுமே எடுத்து வச்சுட்டேன். நீ கேட்டது இதில் இருக்கு. முதல்ல குழந்தைக்குக் காது கேக்கறதான்னு பார்க்கணுமாம். நாளைக்குக் காலைல பெரியாஸ்பத்திரிக்கு வா, நானும் வரேன்."

பிறகு நோட்டைத் திருப்பி நீட்டினார். "இதைப் படிச்சுட்டு, கீழே ஒரு கையெழுத்துப் போடு."

பிரவீனா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

'ஆறு முறை சரியாகவே கேட்கப்பட்டது. ஆறு முறையும் பதில் வரவில்லை. கேட்டவர்மேல் தவறு எதுவும் இல்லை.

சோதிக்கப்பட்டது: கம்ப்யூட்டர்.

சோதித்தவர்: திருமதி பிரவீனா.'