இன்னும் கேக்குது

"கண்ண மூடிக்கிட்டுக் கேளுய்யா" என்றார் ஆடியோ கடைக்காரர்.

பிக்கப் வண்டியின் டிரைவர் கண்ணை மூடவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி, திரும்பித் திரும்பிப் பின்பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். புல்லாங்குழல் அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

"நல்லாத்தான் இருக்குண்ணே. சத்தம் பத்தல."

கடைக்காரருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. வண்டிக்குப் பாட்டு செட் மாட்டுவதில் அவரை விட்டால் ஆள் இல்லை என்று ஊரே சொல்லும். ஊர் மறந்த நாட்களில் அவரே சொல்லிக்கொள்வார். கம்பெனி மாட்டிக் கொடுத்த கொசு ரீங்கார செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு, கதவுக்குப் புது ஸ்பீக்கர், கண்ணாடி ஓரத்தில் ட்வீட்டர், சீட்டுக்கடியில் ஆம்ப்ளிஃபையர் என்று பார்த்துப் பார்த்துச் செய்திருந்தார். அவரிடம் வந்து சத்தம் பத்தவில்லையாம்.

"சத்தம் வேணும்னா தகரப் பட்டறையில போய் உக்காரு. என்ன மாதிரிப் பாட்டு கேப்ப நீ?"

"எதுனாலும் சரிண்ணே. நடுவுல நிக்காம ஓடணும்."

கடைக்காரர் உதட்டைப் பிதுக்கினார். வண்டி அவனுடையதுகூட இல்லை, முதலாளியுடையது. ஆளுயரத்துக்குக் கம்பித் தடுப்பு போட்ட அந்தக் கிழட்டு வண்டியைக் கழுவித் துடைத்து, ஃபினாயில் வாசத்தோடு கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். ஊரான் வண்டிக்குச் சொந்தக் காசில் அலங்காரம் செய்கிற மைனரிடம் ரசனையை எதிர்பார்த்தது தன் தப்புதான் என்று நினைத்துக்கொண்டார்.

சீட்டுக்குப் பின்னால் வூஃபர் ஏறியது. வால்யூமைத் திருகியதும் கடை ஷட்டர் கடகடத்தது. பக்கத்துத் தையல்கடைக்காரர் எட்டிப் பார்த்து, கும்பிடு போட்டுவிட்டு உள்ளே போனார். டிரைவர் மட்டும் திருப்தியில்லாமல், கேபினின் பின்சுவரைத் தட்டிக் காட்டினான்.

"கதவுக்குள்ள சத்தம் அடக்குற ஷீட்டு ஒட்டுனீங்கல்ல, அத இங்கேயும் ஒட்டுங்கண்ணே. ரெண்டு அடுக்கா."

"வூஃபர் போட்டா தகரம் அதிரும்னா? பரவால்லையே, அதெல்லாம் தெரியுதா உனக்கு?"

"அதுக்கில்லண்ணே" என்றான். எதற்கு என்று சொல்லவில்லை.

ஷீட் ஒட்டியதும் அவன் கேட்டதுதான் உச்சம். கடையில் வயரிங் பார்க்கிற கடைக்காரரின் மச்சானை வண்டியின் பின்னால் ஏறி நின்று கத்தச் சொன்னான். பாட்டு ஓடும்போது அது உள்ளே கேட்கிறதா என்று பார்க்க வேண்டுமாம்.

"என்னன்னு கத்தறது?" என்றான் மச்சான்.

"என்னத்தையாவது. அடிவயித்துலேர்ந்து கத்துங்க."

அந்தக் கடையில் மச்சானுக்கு இப்படியொரு வாய்ப்பு அமைந்ததே இல்லை. மனைவியின் தம்பி என்பதால் 'நம்ம வீட்டுப் பையன்' கணக்கில் அரைச் சம்பளத்துக்கு மாடாய் உழைப்பவன் அவன். கம்பியைப் பிடித்துக்கொண்டு, "எங்கக்காவக் கட்டுன கஞ்சப் பிசினாறி!" என்று தொண்டை கிழியக் கத்தினான்.

டிரைவர் தலையை ஆட்டினான். "இன்னும் கேக்குது."

"எனக்கும் கேட்டுச்சு" என்றார் கடைக்காரர் பல்லைக் கடித்தபடி.

"இன்னொரு அடுக்கு ஒட்டிருங்கண்ணே. இது சரியா வரலேன்னா நாளைக்கு ஓனர் கையில சாவியக் குடுத்துட்டு நின்னுக்க வேண்டியதுதான். இந்த வேலைய விட்டா எனக்கு வேற நாதியில்ல. ரெண்டு புள்ளைங்க படிக்குதுங்க."

கடைக்காரர் வாய்விட்டுச் சிரித்தார். எத்தனையோ பைத்தியங்களுக்கு செட் மாட்டியிருக்கிறார்; பாட்டு அலறவில்லை என்பதற்காகப் பிள்ளைகள் சோற்றில் மண்ணைப் போடத் தயாராக இருப்பவனை இப்போதுதான் பார்க்கிறார்.

"நீயெல்லாம் ஒரு அப்பன்! உங்கள மாதிரி ஆளுங்களாலதான்யா ரோட்டுல ஒருத்தன் நிம்மதியா நடக்க முடியல. பொண்டாட்டி புள்ளைய விட இந்த டமடமதான் முக்கியமாப் போச்சா?"

டிரைவர் வாங்கிக்கட்டிக்கொண்டு நின்றான். கடைக்காரர் ஒரு பாட்டம் திட்டித் தீர்த்துவிட்டுத்தான் மூன்றாவது அடுக்கை ஒட்டினார். எரிச்சலில் விளிம்பில்கூட இடைவெளி விடாமல் அழுத்தி ஒட்டினார்.

மச்சான் யாரும் சொல்லாமலே ஆசையாக ஏறினான். பாட்டு தொடங்கியது. பின்கண்ணாடியில் அவன் வாய் அகலமாகத் திறந்து மூடுவது தெரிந்தது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. இந்தத் தடவை நிறையவே சொல்லிக்கொண்டிருந்தான் போல. உள்ளே ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை.

டிரைவர் ஸ்டியரிங்கில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டான். "போதும்ணே. இது போதும்" என்றவனின் கண் கலங்கியிருந்தது.

கடைக்காரருக்கு அதுவும் பிடிக்கவில்லை. பாட்டைப் பட்டென்று நிறுத்தினார்.

"அழுவறதுக்கு என்னய்யா இருக்கு இதுல? உன் பாட்டைக் கெடுக்கற அளவுக்கு அப்படி என்னத்தத்தான் பின்னாடி ஏத்திட்டுப் போற?"

டிரைவர் சட்டைத் தோளில் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"கன்னுக்குட்டிங்கண்ணே. பால் பண்ணையிலேர்ந்து வெட்டுற எடத்துக்கு."

கடைக்காரர் திரும்பிப் பின்னாலிருந்த கம்பித் தடுப்பைப் பார்த்தார். டிரைவர் மெதுவாகச் சொன்னான்.

"வழி பூரா அம்மா அம்மான்னு கூப்புடுதுங்க."